ஆராதனை நின்ற ஆலயத்தை என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி - பதில்

சபை கரைந்து, கடைசி ஆராதனையும் முடிந்து, பூட்டிக் கிடக்கும் பழைய தேவாலயங்களை வேறு பயனுக்குக் கொண்டுவருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: எங்கள் ஆலயத்தில் மூன்று மாதங்களுக்கு முன் ஆராதனை நின்றுவிட்டது. அடுத்தது என்ன என்று முடிவெடுக்க ஓரிரு வருடம் ஆகும் போலிருக்கிறது. அதுவரை பத்திரமாகப் பூட்டி வைத்தால் போதுமா?

போதாது. பூட்டிக் கிடக்கும் கட்டடம்தான் வேகமாகக் கெடும். ஆராதனை நடந்த காலத்தில் ஞாயிறுதோறும் யாராவது அண்ணாந்து பார்த்து "அந்த மூலையில் ஒழுகுகிறதே" என்று சொல்லியிருப்பார்கள். இப்போது சொல்ல ஆளில்லை.

முதல் வேலை மழைநீர்ப் பீலி. பழைய கல் ஆலயங்கள் பலவற்றில் கைப்பிடிச் சுவருக்கும் கூரைச் சரிவுக்கும் நடுவே ஈயத் தகடு பதித்த பீலி ஒன்று மறைந்து ஓடும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. அதன் தண்ணீர் வெளியேறும் துளை பெரும்பாலும் ஒரு கையகலம்தான். நாலு சருகு, கொஞ்சம் புறா இறகு, அதன்மேல் ஒரு செத்த குஞ்சு போதும், துளை அடைபட்டுவிடும். அடுத்த பெருமழையில் பீலி தொட்டியாகிவிடுகிறது. தண்ணீர் ஏறி ஈயத்தகட்டின் உள்விளிம்பைத் தாண்டிச் சுவருக்குள் இறங்குகிறது. அங்கேதான் கைமரங்களின் அடி முனைகள் சுவர்மேல் கிடத்திய மரச்சட்டத்தில் அமர்ந்திருக்கின்றன. இருட்டும் காற்றில்லாமையும் சேர்ந்த இடம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். முனை இற்றதும் கூரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சுவரை வெளியே தள்ள ஆரம்பிக்கும். உள்சுவரில் பழுப்புக் கறை தெரிவதற்குள் உள்ளே பெருஞ்சேதம் நடந்து முடிந்திருக்கும். வருடத்துக்கு இருமுறை, அதில் ஒருமுறை கட்டாயம் இலையுதிர்வு முடிந்ததும், ஆள் ஏற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதோடு, நல்ல மழை பெய்யும்போது ஒருவர் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தை இருபது நிமிடம் சுற்றி வரட்டும். எந்த இறக்குகுழாய் வழிகிறது, எந்தச் சுவர் நனைகிறது என்பதை வெயில் நாளில் எடுக்கும் எந்த அறிக்கையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஈயக் கூரையென்றால் திருட்டு பயமும் உண்டு. தகடு போனது பெரும்பாலும் அடுத்த மழையில்தான் தெரியவரும். மாதம் ஒருமுறையாவது மேலிருந்து பார்த்துவிடுங்கள்.

குளிர் நாடென்றால் தண்ணீர்க் குழாய்களையும் வெந்நீர்ச் சுற்றையும் முழுக்க வடித்துவிடுங்கள். உறைந்து வெடித்த ஒரு குழாய், ஆளில்லாத கட்டடத்தில் வாரக்கணக்கில் ஓடும். ஜன்னல், காற்றுத்துளை எதையும் பலகை வைத்து இறுக்கி அடைக்காதீர்கள். ஈரம் வெளியேற வழி வேண்டும். மணிக்கூண்டின் சாய்தகடுகளுக்கு உள்புறம் துருப்பிடிக்காத எஃகு வலை அடித்துவிட்டால் புறா நுழையாது, காற்று நுழையும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டடம் காலியானதை எழுத்தில் தெரிவியுங்கள். காலிக் கட்டடத்துக்கென்று தனி நிபந்தனைகள் இருக்கும். வாராந்தரப் பார்வை, அதற்கான பதிவேடு என்பவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. பதிவேட்டில் கையெழுத்து இல்லையென்றால் இழப்பீடு கேட்கும்போது அதுவே தடையாக வந்து நிற்கும்.

*

கேள்வி: எங்களுடையது கத்தோலிக்கப் பங்கு ஆலயம். திருநிலைப்படுத்திய கோவிலை வேறு எதற்கும் பயன்படுத்தத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது, ஒரு வரம்போடு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1222-ஆம் சட்டம்தான் அடிப்படை. ஆலயம் வழிபாட்டுக்கு உதவாத நிலைக்குப் போய்ச் சீர்செய்யவும் வழியில்லையென்றால், அல்லது வேறு கனமான காரணம் இருந்தால், மறைமாவட்ட ஆயர் அதை உலகியல் பயனுக்கு ஒப்படைக்கலாம், ஆனால் இழிவான பயனுக்குக் கூடாது என்கிறது அது. "வேறு காரணம்" என்றால் ஆயர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆலயத்தின்மேல் முறையான உரிமை உடையவர்களின் சம்மதமும் வேண்டும். ஆணையை ஏற்காத பங்குமக்கள் அது தெரிந்த 10 நாட்களுக்குள் ஆயரிடமே மறுபரிசீலனை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தக் கெடு பலருக்குத் தெரியாமலே கடந்துபோகிறது.

ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். கட்டடம் உலகியல் பயனுக்குப் போனாலும் பீடம் தன் அர்ப்பணிப்பை இழப்பதில்லை, 1238-ஆம் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே பீடத்தை என்ன செய்வது என்பதை விற்பனைக்கு முன்பே தீர்மானியுங்கள். பெரும்பாலும் வேறொரு ஆலயத்துக்கு எடுத்துப்போவதே நல்ல வழி. உள்ளே புனிதரின் திருப்பண்டம் (எலும்பு போன்ற எச்சம்) பதித்திருந்தால் அதை முதலில் எடுத்து மறைமாவட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2018 நவம்பரில் இதே பொருளில் உரோமையில் ஒரு மாநாடு கூடி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. லாப நோக்குள்ள வணிகத்தைவிடப் பண்பாட்டுப் பயனும் சமூகப் பயனும் மேல் என்பதே அதன் சாய்வு.

மற்றச் சபைகளுக்குத் தனி விதிகள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையில் ஆலயத்தை மூடுவதும் அடுத்த பயனைத் தேடுவதும் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நடக்கின்றன. எந்தச் சபையானாலும் பத்திரத்தைப் படித்துவிடுங்கள். "வழிபாடு நின்றால் நிலம் கொடுத்தவர் வாரிசுக்குத் திரும்பும்" என்ற வரி அதில் ஒளிந்திருக்கலாம். மதுவும் சூதும் கூடாது என்ற தடை வரியும் சகஜம். கட்டட வரைபடத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞருக்குக் கொடுங்கள்.

*

கேள்வி: ஒரு கட்டுமான நிறுவனம் எங்கள் ஆலயத்தை வாங்கி 14 அடுக்ககங்களாக மாற்றக் கேட்கிறது. நல்ல விலைதான். நூலகமாக்கலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். எந்தப் பயன் உண்மையில் பொருந்தும்?

ஆலயத்தின் சொத்து அதன் உயரமும் ஒரே வீச்சாகத் திறந்த நடுக்கூடமும்தான். அந்த வெளியை முழுசாக வைத்துக்கொள்ளும் பயன் நிலைக்கிறது. அதைத் துண்டு போடும் பயனுக்குக் கட்டடம் ஒவ்வொரு அங்குலத்திலும் தடை சொல்லும்.

அடுக்ககம் இரண்டாவது வகை. எட்டு மீட்டர் உயர ஜன்னலின் நடுவே தளம் வெட்டிக்கொண்டு போகும். கீழ் வீட்டுக்கு ஜன்னலின் கால், மேல் வீட்டுக்கு அதன் தலை. வண்ணக் கண்ணாடி வழியே வெளியே பார்க்க முடியாது, திறக்கவும் முடியாது. 14 சமையலறை, 14 குளியலறை என்றால் அத்தனை கழிவுக்குழாயும் புகைபோக்கியும் பழைய கூரையையும் தரையையும் துளைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடுகள் தனித்தனியாக விற்றுப்போனபின் அந்தக் கூடம் திரும்பி வராது. அடுக்ககம்தான் இடிப்பிலிருந்து காப்பாற்றும் ஒரே வழியென்றால், கோபுரத்தையும் பீடப் பகுதியையும் வீடாக்காமல் பொது இடமாக விடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பொருந்திய எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 13-ஆம் நூற்றாண்டு தொமினிக்கன் ஆலயம் பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பின் வழிபாடிழந்து, பல கை மாறி, ஒரு கட்டத்தில் சைக்கிள் நிறுத்துமிடமாகக்கூட இருந்தது. 2006-ல் அது புத்தகக் கடையானது. கடைக்கு வேண்டிய பரப்பு தரையில் இல்லை. வடிவமைத்தவர்கள் கூடம் முழுக்கத் தளம் போடவில்லை. ஆள் உள்ளே நடந்து ஏறும்படியான கறுப்பு எஃகுப் புத்தக அலமாரி ஒன்றைப் பல அடுக்காக, கூடத்தின் ஒரு பக்கமாக மட்டும் நிறுத்தினார்கள். மறுபக்கம் தரையிலிருந்து கல் வளைவு வரை திறந்தே இருக்கிறது. அலமாரியில் ஏறுகிறவர் மேற்கூரை ஓவியங்களை முன்பு யாரும் பார்த்திராத நெருக்கத்தில் பார்க்கிறார். புதியது பழைய சுவரைச் சார்ந்து நிற்காததால் நாளை கழற்றி எடுத்துவிடவும் முடியும்.

மான்செஸ்டரில் புனித பெனடிக்ட் ஆலயம் 2005 முதல் பாறையேற்றப் பயிற்சிக் கூடம். பிரிஸ்டலில் புனித பவுல் ஆலயத்தில் சர்க்கஸ் பள்ளி நடக்கிறது. இரண்டுக்கும் வேண்டியது உயரம், அது ஆலயத்தில் இருக்கிறது. கியூபெக் நகரில் 1960-களில் கட்டிய ஓர் ஆலயம் 2013-ல் நூலகமானது. பார்சிலோனாவின் டோரே கிரோனா சிற்றாலயத்தில் 2005 முதல் மாரே நாஸ்ட்ரம் என்ற மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) இயங்கியது. கூடத்துக்குள்ளே தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி அமைத்து, அதை மட்டும் குளிரூட்டினார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் நூலகம் என்று சொன்னவர்கள் சரியான திசையில்தான் போகிறார்கள். ஆனால் எடையைக் கணக்கிடாமல் இறங்காதீர்கள். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கினால் போதும். ஆட்கள் நெருக்கமாக நிற்கும் கூடத்துக்கு 500 கிலோ. நெருக்கமான புத்தக அடுக்குகளுக்கு அதற்கும் மேல். பல ஆலயங்களில் நடைபாதை கல்தரையாகவும், பெஞ்சுகள் நின்ற பகுதி வெற்றிடத்தின்மேல் அடித்த பலகையாகவும் இருக்கும். கனத்த அலமாரியைக் கல்தரை ஓரமாக நிறுத்தி, படிக்கும் மேசைகளைப் பலகைப் பகுதிக்குக் கொண்டுபோவது எளிய தீர்வு. கீழே நிலவறை இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லும் வரை ஒரு பெட்டிப் புத்தகம்கூட இறக்காதீர்கள்.

*

கேள்வி: சர்க்கஸ் பயிற்சிக்காகக் கூரை மரங்களிலிருந்து கயிறு தொங்கவிடலாமா? மரங்கள் மிகப் பெரியவை.

கூடாது. அந்த மரங்கள் கூரையின் எடையைப் பரவலாகத் தாங்க அமைந்தவை, நடுவில் ஒற்றைப் புள்ளியில் வெட்டியிழுக்கும் சுமைக்கு அல்ல. கயிற்றில் இறங்கி ஒரு பிடியில் சட்டென்று நிற்கும் ஆள் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பார். தரையில் சொந்தக் கால்களோடு நிற்கும் எஃகுச் சட்டகம் அமையுங்கள்.

*

கேள்வி: கூட்டங்களுக்கும் வகுப்புகளுக்கும் ஆலயத்தை வாடகைக்கு விடத் தொடங்கினோம். பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். விலையுயர்ந்த ஒலிபெருக்கி வாங்கியும் பயனில்லை. கம்பளம் விரித்தால் சரியாகுமா?

கம்பளத்தால் மட்டும் ஆகாது. ஒலிபெருக்கி நிலைமையை மோசமாகவும் ஆக்கும், எதிரொலிக்கும் கூடத்துக்குள் இன்னும் அதிக ஒலியைக் கொட்டுகிறது அல்லவா.

கணக்காகப் பார்ப்போம். எதிரொலி அடங்கும் நேரம், கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியுறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வரும். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் என்றால் 3,000 கன மீட்டர். ஒலி அடங்க 4 நொடி ஆகிறதென்றால் உங்கள் கல்லும் மரமும் சேர்ந்து உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 120 சதுர மீட்டர்தான். பேச்சு தெளிவாக விழ ஒரு நொடி, கூடிப்போனால் ஒன்றரை நொடிக்குள் அடங்க வேண்டும். ஒன்றரை நொடிக்கு 320 சதுர மீட்டர் தேவை. பற்றாக்குறை 200. படும் ஒலியில் 80 சதவீதம் உறிஞ்சும் பொருளானால் 250 சதுர மீட்டர் மாட்ட வேண்டும். ஒரு ஆள் சுமார் அரை சதுர மீட்டருக்குச் சமம் என்று வைத்தால் நூறு பேர் வந்தால் 50. ஞாயிறு ஆராதனையில் நன்றாகக் கேட்ட கூடம் பத்துப் பேர் வகுப்பில் ஏன் முழங்குகிறது என்பதற்கு இதுவே காரணம்.

கம்பளம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும், அடித்தொனி அப்படியே உருளும். பேச்சு மந்தமாகும், புரியாமையும் அப்படியே இருக்கும். கனத்த கம்பளித் திரையை நிறைய மடிப்போடு, சுவரிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். பின்னால் உள்ள அந்த இடைவெளிதான் தாழ்ந்த ஒலிகளைப் பிடிக்கிறது. திரையைத் தண்டில் ஓடவிட்டால் இசை நிகழ்ச்சிக்கு ஒதுக்கிவிடலாம். பாட்டுக்கு அந்த நீண்ட எதிரொலி வேண்டும், அதைக் கொன்றுவிடாதீர்கள். தொங்கு பதாகைகள், நாற்காலிகளுக்கு மெத்தை, பின்சுவரில் கம்பளிப் பலகைகள் என்று பல இடங்களில் பிரித்துச் சேருங்கள். ஒலிபெருக்கியென்றால் பெரிதாக முன்னால் இரண்டு வைப்பதைவிட, சிறிதாகப் பலவற்றைக் கேட்பவர் அருகில், தூண்களில், குறைந்த ஒலியில் வையுங்கள்.

*

கேள்வி: வெப்பமூட்டும் செலவே எங்களை மூழ்கடித்துவிடும் போலிருக்கிறது. நிகழ்ச்சி இருக்கும்போது மட்டும் பெரிய எரிவாயு ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமா?

எடுத்துப்போகும் எரிவாயு ஹீட்டர்தான் இருப்பதிலேயே கெடுதலானது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். சூடான ஈரக் காற்று மேலே போய்க் குளிர்ந்த கல்லிலும் கண்ணாடியிலும் பட்டு வியர்க்கும். கொஞ்சநாளில் ஓவியத்தில் பூஞ்சையும் ஆணித்தலைகளில் துருவும் தெரியும். சட்டென்று சூடேற்றிச் சட்டென்று ஆறவிடுவது மரத்தையும் பைப் ஆர்கனையும் வெடிக்க வைக்கிறது.

முழுக் கூடத்தையும் சூடாக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். மேலே சொன்ன 3,000 கன மீட்டர் கூடத்துக்குள் 10-க்கு 8 மீட்டரில், 3 மீட்டர் உயரத்தில் ஓர் அறை நிறுத்தினால் அதன் கன அளவு 240, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அலுவலகமும் வகுப்பும் அதற்குள். கூடம் 8, 10 டிகிரியில் சீராக இருந்தால் போதும், வருகிறவர்கள் கோட்டோடு நடந்துபோவார்கள். இங்கிலாந்தின் போல்டனில் ஆல் சோல்ஸ் ஆலயத்தில் இப்படித்தான் கூடத்துக்குள்ளே தனித்து நிற்கும் அறைக்கட்டுகள் அமைத்து 2014-ல் திறந்தார்கள்.

அன்றாடம் திறந்திருக்கும் இடமானால் தரைவழி வெப்பம் அருமையானது. 35 முதல் 40 டிகிரி வெந்நீர் போதும், தரைமேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆனால் கல்தரை சூடேற ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், வாரம் ஒருமுறை திறக்கும் இடத்துக்கு வீண். அதற்குத் தலைக்கு மேல் தொங்கும் கதிர்வீச்சு ஹீட்டர் நல்லது, காற்றை விட்டு ஆளை நேராகச் சூடாக்கும். தரையைத் தோண்டுவதென்றால் கீழே கல்லறைகள் இருக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி.

*

கேள்வி: கழிப்பறை எங்கே வைப்பது? கட்டடத்தில் ஒன்றுகூட இல்லை. அவசர வழியும் ஒரே வாசல்தான்.

பாதித் திட்டங்கள் தடுமாறுவது இந்த இரண்டிலும்தான், அதனால் வரைபடத்தின் முதல் கோடே இங்கே விழட்டும்.

100 மி.மீ. கழிவுக்குழாய்க்கு 40-க்கு 1 சரிவு என்று வைத்தால் மீட்டருக்கு 25 மி.மீ. இறங்க வேண்டும். கோபுர அடியில் கழிப்பறை, தெருக்கழிவுக் குழாய் 20 மீட்டர் தள்ளி என்றால், குழாய் அரை மீட்டர் ஆழம் இறங்கிப் போகிறது. அந்த அரை மீட்டரில் பழைய அஸ்திவாரமோ கல்லறையோ குறுக்கிடலாம். தெரு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மூலையில், குருவானவர் உடைமாற்றும் அறையிலோ கோபுர அடியிலோ வையுங்கள். எட்டாவிட்டால் கழிப்பறைத் தரையை இரண்டு படி உயர்த்தலாம், அல்லது அரைத்துத் தள்ளும் பம்பு. பம்பு மின்சாரம் போனால் நிற்கும், துணி, நாப்கின் போட்டால் அடைக்கும், அதனால் அது கடைசித் தேர்வு. ஆலய வளாகத்தில் தோண்டுவதற்குத் தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. லண்டன் புனித லூக்கா ஆலயத்தை இசைக்கூடமாக்கும் முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை முறையாக அகழ்ந்து வேறிடத்தில் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அதன் செலவும் மாதங்களும் உங்கள் கணக்கில் முன்கூட்டியே இருக்கட்டும்.

வெளியேறும் வழிக்கு, பல நாடுகளில் சுமார் 50, 60 பேருக்கு மேல் கூடினால் இரண்டு தனித்தனி வழி கட்டாயம். ஆராதனைக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பயன் மாறியதும் கேட்பார்கள். பீடப் பக்கத்து அறைக்குப் பெரும்பாலும் ஒரு சிறு வெளிவாசல் இருக்கும், இருந்தால் அதை அகலமாக்குவதே எளிது. பழைய பெருங்கதவு உள்பக்கம் திறப்பதானால் நிகழ்ச்சி நேரத்தில் கொக்கி மாட்டித் திறந்தே வைத்து, உள்ளே வெளிப்பக்கம் திறக்கும் இலகுவான கதவு ஒன்று போடுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12-க்கு 1. மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம், மேலும் கீழும் நின்று திரும்ப இடம் தனி.

*

கேள்வி: சுவரெல்லாம் பச்சை படிந்து காரை உதிர்கிறது. சிமெண்டுப் பூச்சு பூசி, ஓதம் புகாத பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர்.

தயவுசெய்து விடாதீர்கள். பழைய கல்சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளிவிட்டு வாழ்வது. சிமெண்டு அதன் மூச்சை அடைக்கும், உள்ளே சிக்கிய ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூத்துக் கல்லின் முகமே பெயர்ந்து விழும். முதலில் ஈரத்தின் மூலத்தை நிறுத்துங்கள், பத்தில் ஒன்பது தடவை அது பீலியோ, சுவரடியில் காலகாலமாக உயர்ந்துவிட்ட மண்ணோதான். வெளிமண்ணை உள்தரைக்குக் கீழே 15, 20 செ.மீ. இறக்குங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். ஈரச்சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. வீதம் உலரும் என்பது பழக்கக் கணக்கு. 60 செ.மீ. சுவரென்றால் இரண்டு வருடம். உலர்ந்த பிறகே சுண்ணாம்புக் காரை, சுண்ணாம்பு வெள்ளை. திறப்புவிழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு அவசரத்தில் ஈரச்சுவரில் பூசியவர்கள் அடுத்த குளிர்காலத்திலேயே மறுபடி கொத்துகிறார்கள்.

*

கேள்வி: பைப் ஆர்கன், பெஞ்சுகள், வண்ணக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் விற்று முதலீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். மூடும் ஆலயங்கள் பெருகப் பெருக ஆர்கன்கள் வாங்குவோரைவிட விற்போர் அதிகம், சில இலவசமாகவே போகின்றன. பிரித்தெடுப்பதும் மறுபடி அமைப்பதும்தான் செலவு. இசைக்கூடத் திட்டமென்றால் இருந்த இடத்திலேயே விடுங்கள். வேலை நடக்கும்போது துணி போர்த்தித் தூசியைத் தடுக்க வேண்டும், பிளாஸ்டிக் போட்டு இறுக்கினால் உள்ளே பூஞ்சை. பிரிப்பதானால் ஈய-வெள்ளீயக் குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, தன் எடையாலேயே நசுங்கும். இன்னொன்று, காற்றூதும் மோட்டாரின் பெட்டிக்குள் ஒலி குறைக்க அஸ்பெஸ்டாஸ் பதித்திருப்பதுண்டு. பழைய கொதிகலன் அறைக் குழாய்ச் சுற்றிலும் அப்படியே. யாரும் கை வைக்கும் முன் மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும்.

வண்ணக் கண்ணாடி சாளரத்தில் இருப்பதே சிறப்பு. எடுத்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு பலகத்துக்கும் எண் போட்டு, படம் எடுத்து, அலமாரியில் தட்டு நிறுத்துவதுபோல் செங்குத்தாக வையுங்கள். படுக்க வைத்தால் ஈயச் சட்டம் தொய்ந்து கண்ணாடியில் விரிசல் விடும். பாதுகாப்புக்கு வெளியே பிளாஸ்டிக் தகடு அடித்திருந்தால் மேலும் கீழும் காற்றிடைவெளி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நடுவில் வெப்பமும் ஈரமும் சேரும். பெஞ்சுகளில் ஆறேழையாவது விட்டுவைப்பது நல்லது. உயிர்நீத்தோர் பெயர்ப்பலகைகளை எங்கும் கொண்டுபோகாதீர்கள், சுவரிலேயே இருக்கட்டும்.

*

கேள்வி: பணம் ஏதும் கையில் இல்லை. எப்படித் தொடங்குவது?

தற்காலிகப் பயனாகத் தொடங்குங்கள். கூரை ஒழுகாமல், மின் இணைப்புச் சோதித்து, தற்காலிகக் கழிப்பறை வாடகைக்கு எடுத்தால் ஆறு மாதம், ஒரு வருடம் ஓட்டலாம். கண்காட்சி, கச்சேரி, சந்தை என்று மாற்றிப் பாருங்கள். எந்த மாதம் குளிர் தாங்கவில்லை, எத்தனை வண்டி வருகிறது, யார் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள் என்பவை அதில் தெரிந்துவிடும். எல்லாத் தேதியும் எண்ணும் எழுதி வையுங்கள், பின்னால் நிதி கேட்கும்போது அந்த நோட்டுப் புத்தகம்தான் பேசும்.

திட்டத்தில் மாற்றும் செலவை மட்டும் போடுகிறவர்கள் ஐந்தாம் வருடம் திணறுகிறார்கள். வாடகை வருமானத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலிருந்தே கூரைக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் 1955-ஆம் ஆண்டு முதல் ஆலயங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டட வல்லுநர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. ஆலயம் வேறு பயனுக்குப் போனபின் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது, அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். எந்தப் பயனும் அமையாத அரிய கட்டடங்களை அப்படியே காக்க அமைப்புகள் உண்டு. இங்கிலாந்தில் 1969-ல் அமைந்த தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை 350-க்கும் மேற்பட்டவற்றைப் பராமரிக்கிறது.

*

கேள்வி: என் தாய்தந்தைக்குத் திருமணம் நடந்த ஆலயம் மதுக்கூடமாகப் போகிறதாம். மனம் ஆறவில்லை. இப்படியாவது கட்டடம் நிற்கட்டும் என்று எண்ணுவது சரியா?

மனம் ஆறாததில் தவறே இல்லை. பிட்ஸ்பர்கில் 1996-ல் ஓர் ஆலயம் பியர் தயாரித்து விற்கும் விடுதியானபோது பீடம் நின்ற இடத்தில் பியர்க் கலன்கள் வைக்கப்பட்டன. கட்டடம் பிழைத்தது, பழுதும் பார்க்கப்பட்டது. ஆனாலும் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அந்தக் காட்சி வலிக்கும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பழைய சபையாரிடம் கேட்காமல் செய்யும் எந்த மாற்றமும் பாதி மாற்றம்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

விற்பனை இன்னும் முடியவில்லையென்றால் உங்களால் செய்யக்கூடியவை உண்டு. பீடப் பகுதியில் மதுமேடை கூடாது, பெயர்ப்பலகைகள் நீக்கப்படக் கூடாது, கல்லறைகளுக்கு உறவினர் வந்துபோக வழி வேண்டும் என்ற மூன்றையும் விற்பனைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லிச் சபை நிர்வாகத்துக்குக் கூட்டாக எழுதுங்கள். வாய்மொழி உறுதி அடுத்த உரிமையாளரைக் கட்டாது. மாற்றுப் பயனையும் முன்வையுங்கள். ஜெர்மனியின் ஆகன் நகரில் புனித யோசேப்பு ஆலயம் 2006-ல் அஸ்திக் கலசங்கள் வைக்கும் ஆலயமானது. அங்கே ஜெபமும் மௌனமும் தொடர்கின்றன, வருமானமும் உண்டு. கடைசி ஆராதனை இன்னும் நடக்கவில்லையென்றால் அதைச் சரியாக நடத்துங்கள். நற்கருணையையோ வேதாகமத்தையோ ஊர்வலமாக எடுத்து, விளக்கை அணைத்து, அடுத்த ஆலயம் வரை எல்லாரும் சேர்ந்து நடந்துபோங்கள். விடைபெறாமல் பூட்டிய ஆலயங்களின் மக்கள்தான் வெகுகாலம் வேதனைப்படுகிறார்கள்.

*

கேள்வி: மாடத்தில் வௌவால் இருப்பதாகச் சந்தேகம். எலியாகவும் இருக்கலாம்.

எச்சத்தை உறை அணிந்து நசுக்கிப் பாருங்கள். வௌவாலுடையது பூச்சிச் சிறகுகளாலானது, பொடியாக உதிரும், எலியுடையது கெட்டியாக நிற்கும். வௌவாலென்றால் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. விரட்டுவதோ துளையை அடைப்பதோ குற்றம். கோடையில் குட்டி போடும் காலத்தில் ஆய்வு நடக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

*

கேள்வி: பத்து வருடமாக அடிக்காத மணியைத் திறப்புவிழாவில் அடிக்க ஆசை. பழைய சபையாரும் அதையே கேட்கிறார்கள்.

நல்ல ஆசை, கொஞ்சம் பொறுங்கள். முழுச்சுற்று ஆட்டி அடிக்கும் மணி, தன் எடையைப்போல் நான்கு மடங்கு வரை கீழ்நோக்கியும் இரண்டு மடங்கு வரை பக்கவாட்டிலும் கோபுரத்தை இழுக்கும். சட்டக மரம், சுவரில் அது ஊன்றிய முனைகள், தாங்கு உருளைகள், நாக்கு தொங்கும் தோல்வார் எல்லாவற்றையும் மணி வல்லுநர் பார்த்த பிறகே கயிற்றைத் தொட வேண்டும். அதுவரை மணியை அசைக்காமல், வழக்கமாக நாக்கு படும் இடத்தில் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். ஓசை சுத்தமாக நீண்டு அடங்கினால் நல்லது. கரகரவென்று உடைந்து கேட்டால் விரிசல் இருக்கிறது, மறுபடி தட்டாதீர்கள்.